இருபது காற்றில் எல்லா வண்டியும் சொகுசுதான்

பின்சக்கரம் இரண்டும் அச்சு வரைக்கும் மணலுக்குள் போன பிறகு, பக்கத்து சீட்டில் இருந்த மீன் ஏஜெண்ட் என்னைத் திரும்பிப் பார்த்து, "தம்பி, இது மணல்ல போகுமா?" என்று கேட்டார். பழைய வண்டி விற்கிற தொழிலில் கேள்விகள் எப்போதும் இப்படித்தான், பதில் வந்து சேர்ந்த பிறகு வரும்.

என்னைப் பற்றி நாலு வரி சொல்லிவிடுகிறேன். பெயர் முனீஸ்வரன். பிளஸ் டூவில் கணக்குப் போனது. திரும்ப எழுதச் சொன்னார்கள், எனக்குப் பொறுமை இல்லை. பதினெட்டு முடிந்ததும் லைசென்ஸ் எடுத்தேன். ராமநாதபுரத்தை விட்டு ராமேசுவரம் ரோட்டில் கொஞ்ச தூரம் வந்தால் ஒரு தகர ஷெட் இருக்கும். பழைய லோடு வண்டிகளை வாங்கி, பெயிண்ட் அடித்து விற்கிற கடை. வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு போய் ஓட்டிக் காட்டுவது என் வேலை.

எங்களிடம் இரண்டு வகைதான் உண்டு. மூணு சக்கர லோடு ஆட்டோ, நாலு சக்கரக் குட்டி லாரி. வருகிறவர்களுக்கும் இரண்டே கேள்விதான். குலுக்குமா? மக்கர் பண்ணுமா? இரண்டுக்கும் உண்மையான பதில் 'ஆமாம்'. அதைச் சொல்லாமல் இருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். கடையில் நின்று பொருள் விற்றவர்களுக்கு நான் சொல்வது உடனே புரியும். மற்றவர்கள் எப்போதாவது ஏதாவது வாங்கித்தானே இருப்பீர்கள், உங்களுக்கும் புரியும்.

மணலில் பிறந்த மெத்தை

அந்த ஏஜெண்டுக்கு வண்டி கரைக்கே போய் மீன் பெட்டி ஏற்ற வேண்டுமாம். ரோட்டில் ஓட்டிக் காட்டினால் போதாது, பாம்பன் பக்கம் படகு ஒதுங்குகிற இடத்துக்கே விடு என்றார். விட்டேன். டயரில் காற்று நாற்பது பவுண்டு இருந்தது. லோடு வண்டிக்கு அதுதான் கணக்கு. ஆனால் மணலுக்கு அந்தக் கணக்கு தெரியவில்லை. நான் கியரை மாற்றி மாற்றி மிதிக்க மிதிக்க, வண்டி கிணறு தோண்டுகிற மாதிரி கீழே போய்க்கொண்டே இருந்தது. ஏஜெண்ட் செருப்பைக் கையில் பிடித்தபடி இறங்கித் தள்ளினார். தூரத்தில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்த ஒருவர் எழுந்து வந்து, டயர் வால்வில் ஒரு குச்சியை வைத்து அழுத்தினார். 'உஸ்ஸ்' என்று நாலு டயரிலும் பாதிக் காற்று போனது. டயர் ஒட்டகக் கால் மாதிரி பரந்து உட்கார்ந்தது. வண்டி தானாக ஏறி வந்தது.

அங்கே திரும்பக் காற்றடிக்க வழி இல்லாததால் அப்படியே ரோட்டுக்கு ஏற்றி ஓட்டி வந்தேன். ரோட்டில் இருக்கிற பள்ளம் எதுவும் எங்களுக்குத் தெரியவில்லை. பாதி வழியில் ஏஜெண்ட் கண்ணை மூடிவிட்டார். கடைக்கு வந்ததும், "மெத்தை மாதிரி இருக்கு, இதே வண்டிய எடுத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டார். மணலில் தள்ளியது அவருக்கு மறந்தே போனது. எங்கள் முதலாளி காற்று அளக்கிற கேஜை டயரில் வைத்துப் பார்த்தார். இருபது.  அப்புறம் என் தோளில் கை போட்டுச் சொன்னார்: "ஏலே முனீசு, இனிமே எந்த வண்டிய ஓட்டிக் காட்டுனாலும் காத்து இருபது. நாப்பதெல்லாம் வாங்குனவன் வச்சுக்கிரட்டும்."

தளும்பாத குடம்

இருபது காற்றோடு இன்னும் இரண்டு விதி சேர்ந்துகொண்டது. பின்னால் தொட்டியில் நாலு மணல் மூட்டை போட வேண்டும், வெறும் வண்டி என்றால் ஸ்பிரிங் பட்டை துள்ளும், மூட்டை இருந்தால் அடங்கும். ஓட்டுவது பெரிய ரோட்டில் மட்டும். இந்த மூன்றையும் நான் ஒழுங்காகச் செய்துவந்த காலத்தில்தான் பொன்னுத்தாய் அக்கா வந்தார். சாயல்குடிக்கு அந்தப் பக்கம் ஒரு ஊர். கூடவே அவர் தம்பி. அக்காவின் புருசன் சோலை பனைமரத்திலிருந்து விழுந்து இடுப்பு போய்ப் படுத்த படுக்கை. வாரத்துக்கு ஒரு தடவை ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர வேண்டும். பஸ்ஸில் படுக்கவைக்க முடியாது. வாடகை வண்டி குலுக்குகிற குலுக்கலில் திரும்பிப் போனதும் இரண்டு நாள் சாப்பிட மாட்டாராம். சொந்தமாக ஒரு வண்டி இருந்தால் ஆறு நாள் தம்பி கரிமூட்டை ஏற்றிப் பிழைத்துக்கொள்வான், ஒரு நாள் சோலைக்கு. இருக்கிற நகையும் ஒரு துண்டு நிலமும் இந்த வண்டிக்கு என்று எடுத்துவைத்திருந்தார். இன்னொரு தடவை வாங்க அவரிடம் எதுவும் இல்லை.

அக்கா ஒரு பச்சை பிளாஸ்டிக் குடத்தில் கழுத்து வரைக்கும் தண்ணீர் பிடித்து வந்திருந்தார். முதலாளி ஷெட்டில் இருந்த வெள்ளைக் குட்டி லாரியைக் காட்டினார். அக்கா குடத்தைத் தொட்டியில் வைத்து, தானும் முன்னால் வராமல் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். நான் இருபது காற்றில், நாலு மூட்டையோடு, பெரிய ரோட்டில் போய்த் திரும்பினேன். இறங்கியதும் அக்கா குடத்தைச் சுற்றித் தொட்டியைக் கையால் தடவிப் பார்த்தார். காய்ந்து கிடந்தது. ஆடி மாசம் வண்டி எடுக்கக் கூடாது, ஆவணி முதல் வெள்ளிக்கிழமை வாரேன் என்றார். போகும்போது என்னிடம் தனியாகச் சொன்னார்: "சொட்டுத் தண்ணி சிந்தலையே தம்பி. இனிமே அந்த மனுசன் தூங்கிக்கிட்டே ஆஸ்பத்திரிக்கு வருவாரு."

அபிராமத்து முட்டை

எங்கள் பக்கம் ஆடியில் யாரும் வண்டி எடுக்க மாட்டார்கள். பார்க்க வருவார்கள், புகார் சொல்ல வருவார்கள். அபிராமத்து முட்டை வியாபாரி புகார் சொல்ல வந்தார். அவர் ஆனியிலேயே எங்களிடம் ஒரு மூணு சக்கரம் வாங்கியிருந்தார். வாங்குவதற்கு முன்னால் மூன்று தட்டு முட்டையைத் தொட்டியில் வைத்து என்னை ஓட்டச் சொன்னவர். ஒன்று கூட உடையவில்லை. சந்தோஷத்தில் எனக்கு இரண்டு முட்டை கொடுத்துவிட்டுப் போனார்.

வாங்கியதும் ஒழுங்கான மனுஷனாகப் பெட்ரோல் பங்கில் காற்றை நாற்பது வைத்திருக்கிறார். அன்றிலிருந்து வண்டி முட்டை ஏற்றிப் போய் ஆம்லெட் இறக்குகிறதாம். முதலாளி அவரை உட்காரவைத்து டீ சொல்லி, ரோடு சரியில்லை என்றார், முட்டையின் ஓடு இப்போதெல்லாம் மெலிசு என்றார், கோழிக்குத் தீவனம் பத்தவில்லை என்றார். கடைசியில் கோழியைத் தவிர யார் மேலும் தப்பில்லை என்று ஆனது. வியாபாரி டீயைக் குடித்து முடித்துவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார்: "தம்பி, அன்னைக்கு நீங்க ஓட்டயில மட்டும் முட்டையெல்லாம் ஒங்களுக்குப் பயந்துக்கிட்டு ஒடையாம இருந்துச்சோ?"

எட்டு

ஷெட்டில் வெள்ளை வண்டிக்குப் பக்கத்தில் ஒரு நீல வண்டி நின்றது. அதுவும் குட்டி லாரிதான். பெயிண்ட் மங்கிப்போய், சீட்டு கிழிந்து, பார்க்க ஏழையாக இருக்கும். ஆனால் எங்கள் மெக்கானிக் காதர் பாய், வாயைத் திறந்து எந்த வண்டியையும் நல்லதென்று சொல்லாதவர், நீலத்தை மட்டும் திட்டாமல் விட்டிருந்தார். காலையில் ஆறிக் கிடக்கும்போதே ஒரே சாவியில் பிடிக்கும். மற்ற வண்டிகளை ஆள் வருவதற்கு அரை மணி முன்னால் நான் ரகசியமாக ஓட்டிச் சூடாக்கி வைக்க வேண்டும்.

உப்பூரிலிருந்து அண்ணன் தம்பி இரண்டு பேர் வந்தார்கள். இறால் பண்ணைக்குத் தீவனம் ஏற்ற வண்டி. நம்பிக்கையான வண்டியாகக் காட்டுங்க என்றார்கள். எனக்கு அன்றைக்கு நாக்கு அரித்தது, நீலத்தைக் காட்டினேன். அண்ணன் இன்ஜினில் காதை வைத்தார், தம்பி புகைக்குழாயில் விரலை விட்டு மோந்து பார்த்தான். ஒரு மணி நேரம் பரிசோதனை. எல்லாம் திருப்தி. கடைசியில் அண்ணன் நம்பர் பிளேட்டைப் பார்த்து விரலை மடக்கி மடக்கிக் கூட்டினார். முகம் மாறிவிட்டது. கூட்டுத்தொகை எட்டு. மேலே பேச்சே இல்லை. ஓரத்தில் நின்ற மூணு சக்கரத்துக்குப் போய்விட்டார்கள். அது ஸ்டார்ட் பண்ணினால் கொசு மருந்து அடிக்கிற மெஷின் மாதிரி புகை விடும். அதன் கூட்டுத்தொகை ஒன்பது. ஆவணியில் எடுத்துக்கொள்வதாக அட்வான்ஸ் கொடுத்தார்கள். அண்ணே, அதுக்கு இன்ஜின் சரியில்லை, நீலம்தான் நல்ல வண்டி என்று நான் வெளியே வந்து சொன்னேன். அண்ணன் என்னைப் பாவமாகப் பார்த்துச் சொன்னார்: "இன்ஜினு கெட்டா மெக்கானிக் இருக்கான் தம்பி. நம்பரு கெட்டா யாரு இருக்கா?"

பாலைவனத்துக்காரர்

கீழக்கரையிலிருந்து ஒருவர் வந்தார். பதினைந்து வருஷம் துபாயில் இருந்து திரும்பியவர். கரையோரம் தென்னந்தோப்பு வாங்கியிருந்தார். அவர் கேட்ட வண்டியை நான் பார்த்ததே இல்லை. பைக் மாதிரி ஹேண்டில் இருக்குமாம், ஆனால் நாலு சக்கரமாம், முன்னாலும் பின்னாலும் சாமான் கட்டக் கம்பி இருக்குமாம், மணல்மேட்டில் ஆடு மாதிரி ஏறுமாம். அங்கே இரண்டு கம்பெனி வண்டி ஓட்டியிருக்கிறார். ஒன்று உட்கார்ந்தால் சோபா, ஆனால் வாரத்துக்கு ஒரு தடவை படுத்துக்கொள்ளும். இன்னொன்று படுக்கவே படுக்காது, ஆனால் ஓட்டியவன் படுத்துக்கொள்வான். இரண்டில் எது கிடைக்கும் என்று கேட்டார். முதலாளி கொஞ்சம் கூட யோசிக்காமல், இரண்டும் சேர்ந்த வண்டி இதுதான் பாய் என்று வெள்ளைக் குட்டி லாரியைக் காட்டினார்.

அவர் ஏறவே இல்லை. குனிந்து முன்டயரைக் கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்தினார். பின்டயரை அழுத்தினார். தொட்டியை எட்டிப் பார்த்து மூட்டைகளை எண்ணினார். முதலாளி டீ வாங்கப் போகிறேன் என்று நழுவிவிட்டார். நான் அகப்பட்டுக்கொண்டேன். அவர் கோபப்படவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. சிரித்துக்கொண்டே சொன்னார்: "நாங்களும் பாலைவனத்துல இருபதுக்குத்தான் எறக்குவோம் தம்பி. ஆனா மணல் முடிஞ்ச எடத்துல திரும்ப ஏத்திருவோம். நீங்க தார் ரோட்டையே பாலைவனமா ஆக்கிட்டீங்களே, மாஷா அல்லாஹ்!"

ஸ்க்ரூ டிரைவர்

அன்று சாயங்காலம் எனக்கு அந்தப் பச்சைக் குடம் ஞாபகம் வந்துகொண்டே இருந்தது. காற்று இருபதில் இருக்கும்போது கரிமூட்டை ஏற்றினால் டயர் வெடிக்கும். நாற்பது வைத்தால் சோலை அண்ணனுக்கு இடுப்பு வெடிக்கும். இதை யோசிக்கப் பிளஸ் டூ கணக்குப் பாஸாகியிருக்க வேண்டியதில்லை. சரி, குலுக்கட்டும், நம்பிக்கையான வண்டியாகவாவது இருக்கிறதா பார்ப்போம் என்று வெள்ளை வண்டிக்கு அடியில் படுத்தேன். அது முன்னால் உப்பளத்தில் ஓடிய வண்டி என்பது எனக்குத் தெரியும். அடியிலும் புதுசாகக் கறுப்புப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். மொத்த வண்டியையும் தாங்குகிற சேஸிஸ் கம்பியில் ஸ்க்ரூ டிரைவரை வைத்து லேசாகக் குத்தினேன். பிஸ்கட்டில் போகிற மாதிரி உள்ளே போய்விட்டது. இன்னொரு இடத்தில் குத்தினேன். அங்கேயும் போனது.

காதர் பாயைக் கூப்பிட்டேன். அவரும் பக்கத்தில் வந்து மல்லாக்கப் படுத்தார். டார்ச் அடித்துப் பார்த்தார். மூட்டை ஏற்றிப் பத்துத் தடவை போனால் ஒடிந்துவிடுமா என்று கேட்டேன். அஞ்சு என்றார். பின்னால் ஆள் படுத்திருக்கும்போது ஒடிந்தால்? அதற்கு அவர் டார்ச்சை அணைத்துவிட்டு இருட்டில் சொன்னார்: "இது சேஸிஸ் இல்லப்பா. பெயிண்ட்டு உப்பப் புடிச்சுக்கிட்டு நிக்குது, உப்பு பெயிண்ட்டப் புடிச்சுக்கிட்டு நிக்குது."

முதலாளியிடம் போய்ச் சொன்னேன். அவர் அதிர்ச்சியடைவார் என்று எதிர்பார்த்தேன். நான் அவ்வளவு சின்னப் பையனாக இருந்திருக்கிறேன். "ஒன்னைய யாருலே கீழ படுக்கச் சொன்னது?" என்றார்.

குடத்துக்கு இடுப்பு ஏது

ஆவணி முதல் வெள்ளிக்கிழமை முதலாளி ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பினார். போகும்போது பைக்கில் உட்கார்ந்தபடியே விரல் விட்டுச் சொன்னார். வெள்ளைக்குக் காத்து இருபது. மூட்டை நாலு. அந்த அக்கா கேட்டா நீ பேசவேண்டியது ரெண்டே வார்த்தை, 'நல்ல வண்டிக்கா'. அதுக்கு மேல வாயத் திறக்காத. சரி என்று தலையாட்டினேன். தலையாட்டுவதில் நான் கெட்டிக்காரன்.

பத்து மணிக்கு அக்காவும் அவர் தம்பியும் வந்தார்கள். இந்தத் தடவை குடம் இல்லை. வாடகை வண்டியில் படுத்திருந்த பாயோடு சோலை அண்ணனே வந்திருந்தார். மெலிந்து போய், கண் மட்டும் துறுதுறுவென்று. நான் வெள்ளை வண்டிக்கு அடியில் அக்காவைக் குனியச் சொல்லி அந்த ஓட்டையைக் காட்டினேன். அக்கா விரலை விட்டுப் பார்த்தார். விரல் முழுக்க உள்ளே போனது. வெளியே எடுத்ததும் சிவப்பாகத் துரு. "பெறகு எப்புடித் தம்பி அன்னைக்குத் தண்ணி தளும்பல?" என்று கேட்டார். காற்று, மூட்டை, ரோடு எல்லாவற்றையும் சொன்னேன். அந்தத் தந்திரம் முதலில் நான் ஓட்டிய வண்டியில்தான் பிறந்தது என்பதையும் சொன்னேன். அக்காவின் தம்பி என் சட்டையைப் பிடித்துவிட்டான். அக்கா விரலில் இருந்த துருவைச் சேலையில் துடைத்துக்கொண்டிருந்தார். பாயில் படுத்திருந்த சோலை அண்ணன்தான் சிரித்தார். "நான் அப்பவே சொன்னேன்ல. குடத்துக்கு இடுப்பு ஏதுடி?"

நீல வண்டியைக் காட்டினேன். இதுவும் நாற்பது காற்றில் குலுக்கும், பொய் சொல்லவில்லை என்றேன். அண்ணனைப் பாயோடு ஏற்றி ஊருக்குள் இருக்கிற மோசமான ரோட்டில், முதலில் நாற்பதில் போனேன். ரயில்வே கேட்டில் ஏறி இறங்கும்போது அவர் எங்கள் முதலாளியின் குடும்பத்தையே திட்டினார். திரும்பி வந்து நாலு மூட்டை போட்டு, காற்றை இருபத்தைந்துக்கு இறக்கி, சைக்கிள் வேகத்தில் அதே ரோட்டில் போனேன். ரயில்வே கேட் வந்தது, போனது. திட்டு எதுவும் கேட்காததால் பயந்துபோய் நிறுத்திப் பார்த்தேன். வானத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். "என்னப்பா, கேட்டு இன்னும் வரலையா?" என்றார்.

பாலைவனத்துக்காரர் சொன்னதைத்தான் அப்படியே அக்காவின் தம்பிக்குச் சொன்னேன். அத்தானை ஏற்றுகிற அன்றைக்கு மட்டும் இறக்கு, மூட்டை போடு, மெதுவாகப் போ. வீட்டுக்குப் போனதும் காற்றை ஏற்று. நாற்பது இல்லாமல் கரிமூட்டையில் கை வைக்காதே. அளந்து பார்க்க என்று கடையில் இருந்த ஒரே கேஜையும் அவன் கையில் கொடுத்துவிட்டேன். கடைசியாக, மறைக்க வேண்டாம் என்று, இந்த வண்டி நம்பரைக் கூட்டினால் எட்டு வரும், அதனால்தான் யாரும் எடுக்கவில்லை என்றேன். அக்கா முதல் தடவையாகச் சிரித்தார்: "இந்த மனுசன் மரத்துல இருந்து விழுந்தது ஒம்பதாம் தேதி. ஒம்பது எங்களுக்கு என்னத்தக் கிழிச்சுச்சு?"

கல்யாணச் சாப்பாடு

முதலாளி வெற்றிலை போட்டுக்கொண்டு திரும்பினார். ஷெட்டில் நீல வண்டி இல்லாததைப் பார்த்ததும் முகத்தில் வெளிச்சம். யாரும் தொடாத எட்டாம் நம்பரை நான் விற்றுவிட்டேன். வெள்ளை வண்டி விற்காமல், நான் காலையில் நாற்பது ஏற்றிவைத்த டயரோடு நின்றதைப் பார்த்ததும் அந்த வெளிச்சம் அணைந்தது. கேஜைத் தேடினார். கேஜ் எங்கே என்று சொன்னேன். என்னைப் பாராட்டுவதா உதைப்பதா என்று தெரியாமல் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார்.

அப்புறம், உப்புக் காற்றில் இத்தனை வருஷம் பிழைத்தவருக்கே உரிய அமைதியோடு சொன்னார்: "நாளைக்கு வெள்ளைக்குத் தொண்டியில இருந்து ஒரு ஆளு வாரான். இப்பவே காத்த எறக்கு. முடியலன்னா காலையில இந்தப் பக்கம் வராத."

மறுநாள் எட்டரை மணிக்கு ஷெட்டைத் திறந்தது நான்தான், வெள்ளை வண்டியின் நாலு டயரும் கட்டைவிரலுக்கு அமுங்காமல் கல்லு மாதிரி நின்றன. அவர் சொன்ன இரண்டில் ஒன்றைக்கூட நான் செய்யவில்லை.